படித்த மாவட்டத்தில் ஓட்டு ஏன் குறைகிறது? கிராமத்து வாக்குப்பதிவு பற்றி ஓர் எளிய விளக்கம்

தேர்தல் முடிந்த மறுநாள் செய்தித்தாளில் தொகுதிவாரியாக வாக்குப்பதிவு சதவீதம் வரும். குமரி மாவட்டத்தின் எண்ணைப் பார்த்ததும் வழக்கமான பேச்சு தொடங்கிவிடும்: "இவ்வளவு படிச்ச மாவட்டம், ஓட்டுப் போட மட்டும் ஆளில்லை. விழிப்புணர்வு போதாது." அடுத்த தேர்தலுக்கு ஒரு மாரத்தான், கடற்கரையில் ஒரு மணல் சிற்பம், கல்லூரி வாசலில் ஒரு கோலம் என்று ஏற்பாடாகும்.

அந்த எண்களைக் கொஞ்சம் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமுள்ள மாவட்டம் கன்னியாகுமரி, 91.75 சதவீதம். கடைசி இடத்தில் தர்மபுரி, 68.54. ஆனால் 2024 மக்களவைத் தேர்தலில் 81.20 சதவீத வாக்குப்பதிவோடு மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது அதே தர்மபுரிதான். கன்னியாகுமரித் தொகுதி 65 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. மாநிலச் சராசரியே 69.72. படிப்பும் விழிப்புணர்வும்தான் ஆளைச் சாவடிக்குக் கொண்டுவரும் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்கவேண்டும்?

அரசியல் அக்கறை இல்லாத மண் என்றும் சொல்ல வழியில்லை. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று போராடி, 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைக் கொடுத்து, 1956 நவம்பர் 1 அன்று இணைந்த மாவட்டம் இது. விருதுநகரில் தோற்ற காமராஜரை 1969 இடைத்தேர்தலில் மக்களவைக்கு அனுப்பிய தொகுதி நாகர்கோவில். அப்படியானால் குறைவது எது?

கல்யாண வீட்டுக் கணக்கு

ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு பேருக்கு அழைப்பு எழுதுகிறார்கள். பந்தி எல்லாம் முடிந்து இலையை எண்ணினால் முந்நூற்று இருபது. மீதி நூற்றெண்பது பேருக்கும் அந்தக் குடும்பத்தின்மேல் அன்பில்லை என்று முடிவுகட்டலாமா? பட்டியலைப் புரட்டினால் தெரியும். மூத்த பெண் கல்யாணத்துப் பட்டியலைப் பார்த்தே எழுதியதால், இறந்துபோன பெரியப்பா பெயரும் அதில் இருக்கும், துபாயில் இருக்கும் மச்சான் பெயரும் இருக்கும். சிலருக்கு அன்றைக்கு வேலை. வந்தால் ஒரு நாள் கூலி போகும். சிலர், "போன்ல சொன்னதோட சரி, வீட்டுல வந்து விளிக்கல்லியே" என்று தங்கிவிட்டவர்கள். வந்தவர்களிலும் எல்லோரும் மணமக்களை வாழ்த்தத் துடித்து வந்தவர்கள் அல்ல. வராவிட்டால் நாளைக்கு முகத்தில் எப்படி விழிப்பது என்று வந்தவர்கள் பாதிப் பேர்.

வாக்குப்பதிவும் இதே கேள்விகளில்தான் நிற்கிறது. பட்டியலில் இருப்பவர் ஊரில் இருக்கிறாரா? வந்துபோக அவருக்கு என்ன செலவாகிறது? யார் போய்க் கூப்பிட்டார்கள்? வராவிட்டால் யார் கவனிப்பார்கள்? அக்கறை என்பது இவற்றுக்கெல்லாம் பிறகு வருவது.

பட்டியல்: சதவீதத்தின் கீழே இருக்கும் எண்

வாக்குப்பதிவு சதவீதம் என்பது, வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற கணக்கு. ஊரில் இருக்கும் ஆட்களில் எத்தனை பேர் என்பதல்ல. இந்தச் சின்ன வேறுபாட்டில்தான் பெரிய குழப்பம்.

ஒரு சாவடியில் 1,000 பெயர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 பேர் இறந்தவர்கள் அல்லது இரண்டு இடத்தில் பதிவானவர்கள். 120 பேர் வெளிநாட்டிலோ சென்னையிலோ கடலிலோ இருக்கிறார்கள். அன்றைக்கு ஊரில் இருப்பது 820 பேர். அவர்களில் 650 பேர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். செய்தித்தாளில் 65 சதவீதம் என்று வரும். ஊரில் இருந்தவர்களைக் கணக்கிட்டால் 79.

குமரியில் இந்த இடைவெளி பெரிதாக இருக்கக் காரணம் உண்டு. வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு இங்கே அரிது. படித்தவர்கள் வேலைக்கு வெளியே போகிறார்கள். அதாவது, எந்தப் படிப்பு ஓட்டைக் கூட்டும் என்று நினைக்கிறோமோ அந்தப் படிப்பே ஆளை ஊரைவிட்டு அனுப்புகிறது. பெயர் மட்டும் ஊரிலேயே கிடக்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவரை, சொந்த ஊர்ப் பட்டியலில் இடம்பெறலாம் என்று 2010இல் சட்டத் திருத்தம் வந்தது. அதற்குப் படிவம் 6ஏ. ஆனால் நேரில் வந்துதான் வாக்களிக்கவேண்டும். ஓர் ஓட்டுக்காக சவூதியின் தம்மாமிலிருந்து திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போடுபவர் எத்தனை பேர்?

பட்டியலைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டியவர் வாக்குச்சாவடி நிலை அலுவலர். ஊர்வழக்கில் பி.எல்.ஓ. பெரும்பாலும் ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். சொந்த வேலையோடு இதையும் பார்க்கிறவர். இறந்தவர் பெயரை எடுக்கச் சொல்லி எந்த வீட்டிலும் தாமாகப் படிவம் 7 எழுதிக் கொடுப்பதில்லை. அப்பா பெயரை அடிக்கச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலை மறுபடி எழுதினார்கள். டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று காரணம் சொன்னார்கள். இதற்குப் பிறகு நடக்கும் தேர்தலில் சதவீதம் உயர்ந்தால், மக்களுக்குத் திடீரென்று ஞானம் வந்துவிட்டது என்று யாராவது கட்டுரை எழுதுவார்கள்; கீழே இருந்த எண் சுருங்கியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2019 மக்களவைத் தேர்தலின்போது கடலோர ஊர்களில் பலர் அடையாள அட்டையோடு சாவடிக்குப் போய், பட்டியலில் பெயர் இல்லை என்று திரும்பியதாகப் புகார் எழுந்தது. இப்படித் திரும்புகிறவரால் சதவீதம் குறையாது. பட்டியலில் இருந்தால்தானே குறைய? உரிமை பறிபோனவர் இந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியமாட்டார். சதவீதம் என்ற எண்ணின் பெரிய குறையாக நான் நினைப்பது இதைத்தான்.

இதுவரை பார்த்தது: குறைந்த சதவீதம் என்றால் குறைந்த ஆர்வம் என்று பொருளல்ல. பட்டியலில் இருந்து ஊரில் இல்லாதவர்கள் எண்ணைக் குறைக்கிறார்கள்; ஊரில் இருந்து பட்டியலில் இல்லாதவர்கள் எண்ணிலேயே வருவதில்லை.

ஓட்டு இலவசம், ஆனால் செலவு உண்டு

ஓட்டுப் போடக் கட்டணம் இல்லை. ஆனால் நேரம், கூலி, பயணம் என்று ஒரு விலை இருக்கிறது. அந்த விலை மாவட்டத்தின் கடலுக்கும் மலைக்கும் எல்லைக்கும் வேறு வேறு.

கடலில் தொடங்குவோம், ஏனென்றால் அங்கேதான் விலை மிக அதிகம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, நீரோடி போன்ற ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள். படகு கொச்சியில் கரைசேரும், சில நேரம் குஜராத் வரைக்கும் போகும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஏற்றிக் கடலுக்குள் போனபின், ஓட்டுப் போடவேண்டும் என்று பாதியில் திருப்பினால் போட்ட முதல் போய்விடும். ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். படகு திரும்பாவிட்டால் அத்தனை ஓட்டும் சேர்ந்தே போகும்.

இதில் நாள்காட்டியும் ஓர் ஆட்டம் ஆடுகிறது. மீன்பிடித் தடைக்காலம் என்பது மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும் காலம். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குமரி இரண்டு கடற்கரைக்கும் உரியது என்பதால் கிழக்கே சின்னமுட்டத்துக்கு ஒரு கணக்கு, மேற்கே குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் வேறு கணக்கு. 2019இல் தேர்தல் ஏப்ரல் 18, 2024இல் ஏப்ரல் 19. இரண்டு முறையும் சின்னமுட்டத்து விசைப்படகுகள் தடையில் நின்றன. மேற்குப் பக்கத்தில் தொழில் நடந்துகொண்டிருந்தது. ஒரே மாவட்டம், ஒரே நாள், ஒரே விழிப்புணர்வுப் பிரசாரம். ஓர் ஊரின் ஆண்கள் வீட்டில் இருக்கிறார்கள், இன்னோர் ஊரின் ஆண்கள் அரபிக் கடலில் இருக்கிறார்கள். ஜூன் நடுவில் ஒரு தேர்தல் வந்தால் நிலைமை அப்படியே மாறும்.

தபால் வாக்கு இல்லையா என்று கேட்கலாம். சாவடிக்கு வராமல், முன்கூட்டியே சீட்டில் வாக்களித்து அனுப்பும் வசதி அது. ராணுவத்தினர், தேர்தல் பணியாளர்கள் போன்றோருக்கு உண்டு. 85 வயது கடந்தவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்தால் வீட்டிலேயே வாக்களிக்கலாம். ஆழ்கடல் மீனவர் இந்த வகைகள் எதிலும் இல்லை. மணல் சிற்பத்துக்குச் செலவாகும் யோசனையில் கொஞ்சம் இதற்கும் செலவாகலாம்.

மலைப் பக்கம் வேறு கதை. ஒரு வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டி வரக்கூடாது என்பது சாவடி அமைப்பதற்கான பொது விதி. சமவெளியில் அதைக் கடைப்பிடிப்பது எளிது. பேச்சிப்பாறை அணைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் சிலவற்றுக்கு நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து, அப்புறம் காட்டுப் பாதையில் நடந்துதான் போகவேண்டும். வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் என்பது அங்கே காலில் எவ்வளவு என்பது ஏறி இறங்கியவருக்குத்தான் தெரியும். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுபவர்கள் விடியும் முன்னே மரத்தடிக்குப் போய், பால் எடுத்துக் கொடுத்து முடிக்க முற்பகல் ஆகிவிடும். அவர்களுக்குச் சாவடி ஏழு மணிக்குத் திறப்பதால் பயனில்லை.

எல்லைப் பக்கம் விளவங்கோட்டிலிருந்தும் கிள்ளியூரிலிருந்தும் கொத்தனார் வேலைக்கும் கடை வேலைக்கும் தினமும் கேரளத்துக்குப் போகிறவர்கள் உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலில் இரு மாநிலத்துக்கும் ஒரே நாள், ஏப்ரல் 6. 2024இல் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு ஏப்ரல் 26. இங்கே ஓட்டு நாள், அங்கே வேலை நாள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்களிக்க உரிமையுள்ள தொழிலாளிக்கு, தினக்கூலியாக இருந்தாலும், அன்றைக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரச் சொல்கிறது. மீறும் முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். கட்டட வேலையில் மேஸ்திரியிடம் போய் 135பி என்று சொல்லிப் பாருங்கள்.

பண்டிகையும் இந்தச் செலவைக் கூட்டும், குறைக்கும். 2019 ஏப்ரல் 18 பெரிய வியாழன், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய வியாழன். கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் வாழும் மாவட்டத்தில் அன்றைக்குத் தேர்தலா என்று எதிர்ப்பு கிளம்பியது, தேதி மாறவில்லை. சித்திரைத் திருவிழா நடந்த மதுரைக்கு மட்டும் கூடுதலாக இரண்டு மணி நேரம் கிடைத்தது. ஆனால் அந்த முறை குமரியின் வாக்குப்பதிவு 70 சதவீதத்தை ஒட்டி வந்தது, 2024ஐவிட அதிகம். ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தவர்கள் ஓட்டையும் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

கூப்பிடுபவர்

தேர்தல் நாள் பிற்பகலில் சாவடியிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, கட்சிக்காரர்கள் மேசை போட்டிருக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். பட்டியலின் நகல் ஒன்று மேசையில் விரித்திருக்கும். வந்து போனவர் பெயரில் பேனாக் கோடு. மூன்று மணிக்கு மேல் பேச்சு மாறும். "தெக்கே வீட்டுல நாலு ஓட்டு, ஒண்ணும் வரல்ல." "அக்கா தையல் கடையில இருக்கும், போய் விளிச்சிட்டு வா." ஒரு பையன் பைக்கில் கிளம்புவான். ஆறு மணிக்குள் வரிசையில் சேர்ந்துவிட்டால் டோக்கன் கிடைக்கும், அதற்கப்புறம் எவ்வளவு நேரமானாலும் ஓட்டுப் போடலாம் என்பது அவனுக்கு மனப்பாடம். (ஆட்டோ பிடித்துக் கூட்டமாக வேட்பாளர் செலவில் கொண்டுவந்தால் அது சட்டப்படி முறைகேடு. நடக்கவில்லை என்று சொல்லவில்லை.)

இதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் திரட்டல்: தானாக வராத வாக்காளரை நேரில் அணுகிச் சாவடிக்கு வரவழைப்பது. நகரத்தின் அடுக்குமாடியில் யார் வந்தார், யார் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. கிராமத்தில் பெயரைக் கேட்டாலே வீடு தெரியும். கடலோர ஊர்களில் வீடுகள் நெருக்கம். கோயிலில் ஓர் அறிவிப்பு, அன்பியம் என்ற பங்குச் சிறுகுழுக் கூட்டத்தில் ஒரு பேச்சு போதும், ஊரே கேட்டுவிடும். மலையடிவாரத்தில் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, ஒரு வீடாகச் சிதறிக் கிடப்பதால் அதே வேலைக்கு அரை நாள் ஆகும். இந்தியாவில் 1990களுக்குப் பிறகு கிராமத்தினரும் ஏழைகளும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நகரத்து வசதிபடைத்தவர்களைவிட அதிகமாக வாக்களிக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். அதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2006இல் நடந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சில வீடுகளுக்கு 'வாக்களிப்பது குடிமகனின் கடமை' என்று மட்டும் கடிதம் அனுப்பினார்கள். வேறு சில வீடுகளுக்கு, நீங்களும் அக்கம்பக்கத்தாரும் முந்தைய தேர்தல்களில் வாக்களித்தீர்களா என்ற விவரத்தையே அச்சிட்டு, இந்தத் தேர்தல் முடிந்ததும் மறுபடி இப்படி ஒரு கடிதம் வரும் என்றும் எழுதினார்கள். கடிதம் எதுவும் போகாத வீடுகளில் வாக்குப்பதிவு 29.7 சதவீதம். கடமைக் கடிதம் போன வீடுகளில் 31.5. அக்கம்பக்கத்துக் கடிதம் போன வீடுகளில் 37.8. கடமை உணர்வு இரண்டு புள்ளியைக்கூட நகர்த்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கண் எட்டுப் புள்ளியை நகர்த்தியது. நம் ஊரில் அந்தக் கடிதமே வேண்டாம். விரலில் மை இருக்கிறதா என்று அடுத்த நாள் மீன் சந்தையில் பார்த்துவிடுவார்கள்.

கட்சிகள் எப்போது இவ்வளவு மெனக்கெடும்? ஒவ்வோர் ஓட்டும் முக்கியம் என்று தோன்றும்போது. 2024இல் தர்மபுரியில் வெற்றி வித்தியாசம் 21,300 வாக்குகள். கன்னியாகுமரியில் அது சுமார் 1.8 லட்சம். இழுபறியான தொகுதியில் பையன் மூன்று முறை பைக்கில் போவான். முடிவு முன்பே தெரிந்த தொகுதியில் மேசையிலேயே உட்கார்ந்திருப்பான். எழுத்தறிவு தலைகீழாக நிற்கும் புதிருக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

சுருக்கமாக: கிராமத்தில் ஒருவரைச் சாவடிக்கு வரவைப்பதில் அறிவுரையைவிட அழைப்புக்கும், அழைப்பைவிட நாலு பேர் கவனிக்கிறார்கள் என்ற எண்ணத்துக்கும் பலம் அதிகம்.

நாலு ஓட்டும் ஒரு ஓட்டும்

குமரியில் கிராமம் எது என்பதே ஒரு சிக்கல். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் நூற்றில் எண்பதுக்கும் மேற்பட்டோர் நகர்ப்புறத்தவர். காரணம், கடையால், பொன்மனை போல ரப்பரும் வாழையும் சூழ்ந்த ஊர்கள்கூட பேரூராட்சிகள். கிராம ஊராட்சிகள் 95 மட்டுமே.

உள்ளாட்சித் தேர்தல் வரும்போது இந்தப் பிரிவு உறைக்கும். கிராம ஊராட்சியில் இருப்பவர் நான்கு வாக்குச் சீட்டு வாங்குகிறார்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பக்கத்துப் பேரூராட்சிக்காரருக்கு வார்டு கவுன்சிலருக்கான ஒரே ஓட்டு. தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்பது கிராம ஊராட்சியில் தெளிவு. வேட்பாளர் சொந்தக்காரராக இருப்பார், அல்லது சொந்தக்காரரோடு சண்டை போட்டவராக இருப்பார். வித்தியாசம் சில சமயம் ஒற்றை இலக்கம். 2019 டிசம்பரில் மாநிலத்தின் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வாக்குப்பதிவு 76 சதவீதத்தைத் தாண்டியதும், 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தலில் 61ஐக்கூட எட்டாததும் இதோடு பொருந்துகிறது. அந்த ஊரக அமைப்புகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் தள்ளிப்போகும்போது ஊர்க்காரருக்குக் கைக்கெட்டும் ஓட்டுத்தான் முதலில் போகிறது.

பணம், புறக்கணிப்பு, நோட்டா

பணம் வாங்கித்தான் கிராமத்தான் ஓட்டுப் போடுகிறான் என்று நகரத்தில் பேசுவார்கள். கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், நடப்பதும் உண்மை. ஆனால் வாக்கு ரகசியமானது, கொடுத்தவருக்குப் போட்டாரா என்று பார்க்க வழியில்லை. பணத்தோடு ஒரு ஆள் வீட்டு வாசலுக்கு வந்தார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. வாக்குப்பதிவு உயர்வில் எது பணத்தின் வேலை, எது அழைப்பின் வேலை என்று பிரிப்பது கடினம்.

சாலை வரவில்லை, தண்ணீர் வரவில்லை என்று கறுப்புக் கொடி கட்டித் தேர்தலைப் புறக்கணிக்கும் ஊர்களைச் சோம்பேறிகளின் கணக்கில் சேர்ப்பது பெரிய அநியாயம். அதற்கு ஊரே கூடிப் பேசி முடிவெடுக்கவேண்டும். சும்மா போய் ஓட்டுப் போடுவதைவிட உழைப்பு அதிகம். சட்டப்படி அதற்குப் பலன் இல்லை, ஏனென்றால் வெற்றிக்குக் குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்று எதுவும் கிடையாது. பலன் எல்லாம் தேர்தலுக்கு முன்பு, தாசில்தார் சமாதானம் பேச வரும் அந்தச் சில நாட்களில்தான். நோட்டா, அதாவது எந்த வேட்பாளரும் வேண்டாம் என்று பதிவுசெய்யும் பொத்தான், 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. அதை அழுத்தியவர் வாக்குப்பதிவில் எண்ணப்படுவார், புறக்கணித்தவர் எண்ணப்படமாட்டார். கோபம் ஒன்றுதான்.

உங்கள் ஊர் நிலவரத்தைத் தெரிந்துகொள்ள மாவட்டச் சதவீதம் உதவாது. சாவடிவாரியாக விழுந்த வாக்குகள் படிவம் 20 என்ற ஆவணத்தில் இருக்கின்றன. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வெளியிடுகிறார்கள். சாவடிப் பட்டியலில் மொத்தப் பெயர் எத்தனை என்பதும் அங்கேயே கிடைக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு கடலோரச் சாவடி, ஒரு தோட்டச் சாவடி, ஒரு எல்லையோரச் சாவடி என்று வகுத்துப் பாருங்கள். அப்புறம் பட்டியலை எடுத்து, உங்கள் தெருவில் எத்தனை பெயருக்கு ஆள் ஊரில் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.